புடலங்காயைப் பார்க்க நேரம்: நாலு முதல் ஆறு வரை

கத்திரிச் செடிக்கு டிஸ்சார்ஜ் சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்ட ஒரே மனுஷி இந்த உலகத்தில் எங்கள் குளுக்கோஸ் அக்காதான். இதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்லுவேன். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு என்றால் எழுதிப் போடுங்கள். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து, அவர் டூப்ளிகேட் என்று நிரூபித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன்.

அக்காவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர் ஒன்று இருக்கிறது. ரேஷன் கார்டிலும் அதுதான். ஆனால் தெருவில் அந்தப் பெயரைச் சொன்னால் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான்.

முதலில் தோட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு அறக்கட்டளை இருக்கிறது. பெயர் பெரியது, ஆபீஸ் சின்னது. அதற்கு நான் செயலாளர். நான் போகாத கூட்டத்தில் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்; போயிருந்தால் தப்பித்திருப்பேன். ஆபீசுக்குப் பின்னால் பன்னிரண்டு சென்ட் காலி இடம், சீமைக்கருவேலமும் பாலிதீன் பையும் செழித்துக் கிடந்தன. அதைச் சுத்தம் பண்ணி இருபத்தி நாலு பாத்தி பிரித்து, வீட்டில் ஒரு பிடி மண்கூட இல்லாதவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தோம். காம்பவுண்டு வீடுகளில் ஒற்றை அறையில் குடியிருக்கும் மில் தொழிலாளிகள்தான் பாதிப் பேர். விளைவதில் பாதி அவரவர் வீட்டுக்கு, மீதி சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு.

அந்தச் சனிக்கிழமைச் சாப்பாடுதான் எங்கள் அறக்கட்டளையின் உயிர். பிள்ளைகள் திருப்பூர், சென்னை, துபாய் என்று போய்விட, இங்கே தனியாக உலை வைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவர்கள் எங்கள் வட்டாரத்தில் முப்பது, நாற்பது பேர் இருந்தார்கள். வாரத்தில் ஒரு நாளாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டுமே என்று ஆரம்பித்தோம். குதிரைவாலிச் சோறு, சீனியவரைக்காய்ப் பொரியல், மழைக்காலத்தில் கரிசல்காட்டு அதலக்காய். சைக்கிள் மிதித்துப் போகிற தூரத்துக்குள் விளைந்ததுதான் இலையில் விழ வேண்டும் என்பது எங்கள் கொள்கை.

கொள்கை நன்றாகத்தான் இருந்தது. விளைச்சல்தான் இல்லை. எங்கள் உறுப்பினர்களுக்கு நூல் அறுந்தால் ஒட்டத் தெரியும், தறி நின்றால் ஓட்டத் தெரியும். கத்திரிச் செடி தலையைத் தொங்கப்போட்டால் என்ன பண்ணுவது என்று தெரியாது. ஒருவர் தினமும் நாலு குடம் ஊற்றி அழுகவிட்டார். பேண்டேஜ் துணி நெய்கிற மாரியப்பன், செடிக்கு வெயில் தாங்காது என்று குடை விரித்து வைத்தான்; காற்றில் குடையும் செடியும் சேர்ந்து போய்விட்டன. முதல் நாலு மாதம் சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு மார்க்கெட்டில் காய் வாங்கி, பையை ஒளித்துக் கொண்டுவந்தேன்.

குளுக்கோஸ் அக்கா எங்களிடம் சாப்பிட வந்தவர். பட்டியலில் அவர் பெயரும் இருந்தது: ஓய்வுபெற்ற மில் டிஸ்பென்சரி நர்ஸ், கணவர் இல்லை, ஒரே மகன் சென்னையில், தனி ஆள். ஐந்தாம் மாதம் ஒரு சனிக்கிழமை முதல்முறையாக வந்தார். பந்தியில் உட்காரவில்லை. நேரே பின்பக்கம் போனார், மூன்றாம் பாத்தியில் வாடிக் கிடந்த கத்திரிச் செடியின் முன்னால் நின்றார், திரும்பினார்.

"இந்தப் பேஷன்ட்டுக்கு யாரு அட்டெண்டர்?"

மில்லில் ஹெல்ப்பராக இருக்கும் செல்வி, எங்கள் சனிக்கிழமை சமையலும் அவள்தான், கரண்டியோடு கையைத் தூக்கினாள்.

"எத்தன நாளா இப்படிக் கெடக்கு?"

"நாலு நாளாக்கா."

"நாலு நாளா பாத்துக்கிட்டே இருந்திருக்க. ஏட்டி, ஒனக்கு இருக்கது மனசா மண்ணாங்கட்டியா?"

மறுநாள் காலை மூங்கில் குச்சியோடும் காலி குளுக்கோஸ் பாட்டில்களோடும் வந்துவிட்டார். கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கி வாங்கி, வெந்நீரில் கழுவிக் காயவைத்த பாட்டில்கள். செடிக்கு ஒன்றாகத் தலைகீழாகத் தொங்கவிட்டு, டியூபை வேரில் விட்டு, நிமிஷத்துக்கு இருபது சொட்டு என்று எண்ணி வைத்தார். தக்காளிக்கு இருபது, மிளகாய்க்குப் பதினைந்து. கொடி ஒடிந்தால் மாரியப்பன் கொண்டுவரும் பேண்டேஜ் துண்டால் கட்டு. பத்து நாளில் அந்தக் கத்திரி எழுந்து நின்றது. செல்வி அழுதேவிட்டாள். நாங்கள் எல்லோரும் தோட்டத்தின் சாவியை மரியாதையாக அக்கா கையில் கொடுத்தோம். அதற்கப்புறம் எங்கள் கதி அதோகதி.

ஒரே மாதத்தில் அது தோட்டம் என்பதே போய், வார்டு ஆகிவிட்டது. பாத்திக்குப் பெட் நம்பர் வந்தது. ஒவ்வொரு பெட்டிலும் அட்டையில் கேஸ் ஷீட் தொங்கியது. வாசலில் வாளித் தண்ணீரும் சோப்பும். கை கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. பார்வையாளர் நேரம் மாலை நாலு முதல் ஆறு வரை. ஒரு பெட்டுக்கு இரண்டு பேருக்கு மேல் நிற்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது. என் பெட் ஒன்பதாம் நம்பர், மிளகாய். ஒரு வாரம் வேலை அலைச்சலில் போக முடியவில்லை. எட்டாம் நாள் போனால் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது: 'நோயாளி சோர்வாக உள்ளார். உறவினர் யாரும் வந்து பார்ப்பதில்லை.' அதைத் தெருவே படித்திருந்தது. என் மனைவி படித்துவிட்டு, "செடிக்கே இப்படின்னா என் கதி என்னன்னு எழுதச் சொல்லவா?" என்றாள்.

ஒருநாள் தேவதானத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் கேட் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். வரிசையாகக் குளுக்கோஸ் பாட்டில். வெள்ளைப் புடவையில் ஒரு அம்மா கையில் நோட்டோடு நடக்கிறார். அவர் பேசாமல் உள்ளே வந்து, புடலைக்கும் பீர்க்கைக்கும் நடுவில் காலி இடம் பார்த்து உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டிவிட்டார்.

"மூணு நாளா காச்சலும்மா. எனக்கும் ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க."

அக்கா சிரிக்கவில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், மோர் கொடுத்தார், மாரியப்பனின் பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். போகிறபோது அந்தப் பெரியவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இங்கயே நல்லா காத்தோட்டமா இருக்கு" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

இவ்வளவும் பொறுத்துக்கொண்டோம். பறிப்பதில்தான் தகராறு வந்தது. காய் காய்த்தால் பறிப்பது உலக வழக்கம். அக்கா அகராதியில் அது டிஸ்சார்ஜ். அவர் பார்த்து, தட்டி, தடவி, சீட்டு எழுதினால்தான் காய் காம்பைவிட்டு வரலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்வி கூடையோடு நிற்பாள்.

"அக்கா, நாளைக்கு நாப்பது பேருக்குச் சாம்பாரு வைக்கணும். வெண்டக்காயப் பறிச்சுக்கிடவா?"

"இன்னும் ரெண்டு நாள் அப்சர்வேசன்ல இருக்கட்டும்."

"முத்திப்போகும்க்கா!"

"அவசரப்பட்டு வீட்டுக்கு அனுப்பிச்சு, பொறவு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அவர் பார்த்த உத்தியோகத்தில் சொன்னது சரிதான். ஆனால் வெண்டைக்காய் வீட்டுக்குப் போவது குணமாக இல்லையே, குழம்பில் கொதிக்கத்தானே! இரண்டு நாள் நாலு நாள் ஆனது. அடுத்த சனிக்கிழமை சாம்பாரில் மிதந்த வெண்டைக்காயைக் கடித்து ஒருவருடைய கட்டுப்பல் கழன்று இலையில் விழுந்தது. இன்னொருவர் வெண்டைக்காய் என்பதையே நம்பாமல், "முருங்கக்காயா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் ஆபீசில் கூடினோம். பதினேழு பேர் கையெழுத்திட்ட ஒரு மனு தயாரானது. வாசகம் என்னுடையது. 'அக்கா அவர்களின் மேலான சேவையைப் பாராட்டியும், அன்னாரின் உடல்நலத்தைக் கருத்தில் கொண்டும், இனி அவர்கள் முழு ஓய்வு எடுத்துக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' முதல் கையெழுத்தும் என்னுடையதுதான். எழுதி முடித்ததும் என் தமிழை நானே மெச்சிக்கொண்டேன். சண்டாளன்.

மறுநாள் அதை நீட்டியதும் அக்கா கேட் பக்கத்தில் நின்றபடியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிக் கையெழுத்துவரை படித்தார்.

"யாரு எழுதுனது?"

"நான்தான்க்கா."

"கையெழுத்து நல்லாருக்கு தம்பி," என்றார். சாவியைக் கொடுத்தார். கேஸ் ஷீட்டுகளை அடுக்கி நூல் கட்டிக் கொடுத்தார். வாளித் தண்ணீரில் கை கழுவிவிட்டுப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

ஒரு வாரம் கொண்டாட்டம்தான். கண்ட நேரத்தில் வந்தோம், கை கழுவாமல் நுழைந்தோம், பிஞ்சையெல்லாம் பறித்தோம். அடுத்த சனிக்கிழமை பந்தி உட்கார்ந்தது. செல்வி பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் நின்றுவிட்டாள்.

"அண்ணே, இதுல யாருக்குச் சுகரு?"

எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டால் ஒருவருக்குமே சுகர் இல்லை என்றார்கள். பாயசத்தைப் பார்த்தபின் யார் ஒப்புக்கொள்வார்கள்? இத்தனை மாதம் இது எப்படி நடந்தது என்று நூலை அவிழ்த்துக் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினேன். செடிகளுடையது இருபத்தி நாலு. அதற்கு அடியில் இன்னொரு கட்டு இருந்தது, மனிதர்களுடையது. 'மஞ்சள் துண்டுக்காரர்: சுகர். பாயசத்தைக் கண்ணில் காட்டக்கூடாது.' 'கடைசி வீட்டு அம்மா: பல் இல்லை. கத்திரிக்காயைக் குழைய வேகவைக்கவும்.' 'தபால் ஆபீஸ்காரர்: மனைவி இறந்து மூன்று மாதம். பக்கத்தில் யாராவது உட்காரவும்.' இப்படி நாற்பது சீட்டு. அக்காவுக்கு மட்டும் சீட்டு இல்லை.

கட்டின் கடைசியில் என் பெயர் இருந்தது. 'செக்ரட்டரி: எல்லாரும் சாப்பிட்டபின் மிச்சம் இருந்தால்தான் சாப்பிடுகிறார். முதல் பந்தியிலேயே ஒரு தட்டு எடுத்து மூடி வைக்கவும்.'

ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுப்படி அலமாரியில் ஒரு தட்டு எனக்காக மூடியிருக்கும். செல்வி வைக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். அன்று அலமாரியில் தட்டு இல்லை. எனக்குப் பசியும் இல்லை.

அப்புறம்தான் செய்தி வந்தது. சென்னையிலிருந்து மகன் வந்திருக்கிறார். இரண்டு வருஷமாகக் கூப்பிட்டும் போகாமல், தோட்டம் வந்தபின் "என் வார்ட யாரு பாப்பா?" என்று மறுத்துவந்த அக்கா, இந்தமுறை ஒரே வார்த்தையில் சரி என்றுவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ரயில். இனி அங்கேயேதானாம். செல்வி சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

நேரே போய், 'தப்புப் பண்ணிட்டோம், போகாதீங்க' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். பதினேழு பேர் இருந்தோம். அந்த ஒரு வரியைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. "நீங்கதான முதக் கையெழுத்து, நீங்க போங்க" என்றான் மாரியப்பன். நான் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். கடைசியில் செல்விதான் யோசனை சொன்னாள்.

"மனுசங்க கூப்பிட்டா அக்கா வராது. செடிக்குச் சீக்குன்னா ஓடி வரும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் செய்த வேலையை எங்கள் பிள்ளைகள் பார்த்திருந்தால் அப்புறம் எங்களை மதித்திருக்க மாட்டார்கள். தக்காளி இலைக்கு மஞ்சள்பொடி பூசினோம். அவரைக்குக் குங்குமப் புள்ளி வைத்தோம். பீர்க்கங்கொடியை நூல் கட்டி இழுத்துத் தலை சாய்த்தோம். மாரியப்பன் உணர்ச்சிவசப்பட்டு ஒரு புடலங்காயைத் தலையிலிருந்து கால்வரை பேண்டேஜால் சுற்றிவிட்டான். அது விபத்தில் அடிபட்டதுபோலத் தொங்கியது.

நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் ஆட்டோ நின்றது. மகன் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒம்பதாம் நம்பர் சீரியஸா இருக்கு. எல்லாமே சீரியஸா இருக்கு."

"நான்தான் டூட்டி முடிச்சு வந்துட்டேன்லா. வேற யாரையாச்சும் பாருங்க," என்று ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். ஆட்டோ உறுமியது. அக்கா தலையை மட்டும் வெளியே நீட்டினார். "என்ன கம்ப்ளைண்ட்டு?"

"மஞ்சளா இருக்குக்கா."

"எத்தன நாளா?"

"மத்தியானத்துல இருந்து."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். மகனிடம், "டேசனுக்குப் போற வழிதான. செத்த நேரம் எட்டிப் பாத்துட்டுப் போயிருவோம்" என்றார்.

உள்ளே நுழையும்போது வழக்கம்போலக் கை கழுவினார். முதல் பெட்டுக்குப் போனார். தக்காளி இலையை விரலால் தொட்டார். விரலை மூக்குக்குக் கொண்டுபோனார். அடுத்த பெட். குங்குமத்தைப் பார்த்தார். பீர்க்கையின் நூலைத் தொடர்ந்துபோய் முடிச்சைப் பார்த்தார். பேண்டேஜ் போட்ட புடலங்காய் முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். பதினேழு பேரும் வரிசையாக, மஞ்சள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம்.

"முப்பத்தோரு வருசம் மில்லு டிஸ்பென்சரில இருந்தவ நான்," என்றார் அக்கா, சத்தமே இல்லாமல். "அக்குள்ல வெங்காயத்த வச்சுக்கிட்டு காச்சல்னு வருவான். கண்ணுல சீயக்காயத் தேச்சுட்டு வருவான். ஒருத்தனுக்கும் பொய் சர்டிபிகேட் குடுத்ததில்ல. என்கிட்டயே வேசமா?"

மகன் பக்கத்தில் வந்து ஒரு இலையைத் தடவி, விரலைப் பார்த்தார். "என்னம்மா இது, சாம்பார் வாசன வருது?"

இனி ஒளித்து என்ன பிரயோஜனம்? எனக்கும் எங்கிருந்தோ வாய் வந்தது. "அக்கா, அந்த மனுவ எழுதுனது நான்தான். எழுதிருக்கக் கூடாது. உங்க சீட்டையெல்லாம் நேத்துதான் பாத்தேன். நீங்க இல்லாம எங்களுக்கு முடியலக்கா. போகாதீங்க." நாற்பத்தெட்டு வயது ஆள், பொது இடத்தில், மிளகாய்ப் பாத்தி ஓரத்தில் நின்று அழுதேன். வெட்கமாக இல்லை.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகனிடம் சொன்னார்.

"எல்லாம் சீரியசாத்தாம்லே இருக்கு. இப்பத்திக்கு நான் நகர முடியாது."

மகன் ஒன்றும் அறியாதவர் இல்லை. எங்கள் கைகளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பெட்டியை ஆட்டோவிலிருந்து இறக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டார். "ரெண்டு வருசமா எனக்கு ஒரே பயம்தான் சார். அம்மா தனியா இருக்காங்க, விழுந்துகிழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? காலைல ஒரு ஆளு கதவத் தட்டிப் பாத்துச் சொன்னாப் போதும்."

"ஒரு ஆளு என்ன, பதினேழு பேரு தட்டுறோம்," என்றேன். இன்றுவரை தட்டுகிறோம். அக்கா தினமும் கதவைத் திறந்து, "விடியமுன்ன உசிர வாங்குதீகளே" என்று திட்டுகிறார். அதுதான் எங்களுக்கு அட்டெண்டன்ஸ். வெண்டைக்காய் விஷயத்திலும் ஒரு சமாதானம் ஆகிவிட்டது: வெள்ளிக்கிழமைகளில் டிஸ்சார்ஜ் அதிகாரம் செல்விக்கு. அன்று மட்டும் அக்கா தோட்டத்துப் பக்கம் வரமாட்டார். பார்க்கத் தாங்காது என்கிறார்.

அன்று மகன் ரயிலுக்குப் போனபிறகு அக்கா எங்களை நிற்கவைத்து வாங்கு வாங்கு என்று வாங்கினார். பச்சைச் செடிக்குப் பொடி பூசினால் அது எப்படி மூச்சுவிடும் என்று கேட்டார். ஆளுக்கு ஒரு ஈரத் துணியைக் கொடுத்து ஒவ்வொரு இலையாகத் துடைக்கச் சொன்னார். துடைக்கத் தொடங்கினோம். நானும் குனிந்தேன்.

"செக்ரட்டரி, நீ இங்க வா. என் வீட்டுக்கு ஓடியா வந்த? இந்த வயசுல? கையக் குடு."

என் மணிக்கட்டைப் பிடித்து நாடியில் விரல் வைத்தார். நாடி பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. வாட்சைப் பார்த்துக்கொண்டே எண்ணுவார்கள். அக்கா இலை துடைக்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் போனது, இரண்டு போனது, அப்புறமும் கையை விடவில்லை. வாட்சைப் பார்க்கவே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.